கடனில்லா வண்டி

வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு மிதிவண்டி தேவையெனின், கடன்பட்டேனும் பளபளக்கும் மலைச் சைக்கிளையே நாடுகிறோம். அதன் பிறப்பு எத்துணை எளியது என்பதை நாம் எண்ணுவதில்லை.

1970-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டார இளைஞர் சிலர், 1930-களில் செய்யப்பெற்ற பழைய சைக்கிள்களை எடுத்துச் செப்பனிட்டனர். பழைய சட்டத்தில் அகன்ற டயரும் உறுதியான பிரேக்கும் பொருத்தி மலைச்சரிவில் ஓட்டினர். 1976-இல் அங்கு பந்தயமும் நடந்தது. மறு ஆண்டில் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிய சட்டம் செய்தார். ஆக, மலைச் சைக்கிளுக்கு வித்திட்டது பழைய இரும்பே.

நாமும் மலிவான எஃகுச் சட்டம் ஒன்றைக் கொண்டு தொடங்கலாம். குழாய்கள் கூடுமிடத்தில் விரிசலோ வளைவோ இருப்பின் அதனை விலக்குக. தார்ச்சாலைக்கு மலிவான ஸ்பிரிங் போர்க் வீண் சுமை. ஸ்பிரிங் இல்லாத எஃகுப் போர்க்கே நன்று. முரட்டு டயரை நீக்கி, வழுவழுப்பான ஒன்றரை அங்குல டயர் இட்டால் மிதிப்பது எளிதாகும். முன்புறம் ஒரே பல்சக்கரம் போதும். மட்கார்டும் கேரியரும் பழையனவாய் இருக்கலாம்.

ஆனால் பிரேக் கட்டை, பிரேக் கம்பி, விளக்கு ஆகியவை புதியனவாகவே இருக்கட்டும். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. பிள்ளையின் உயிர் காப்பவற்றில் காசு மிச்சம் பிடித்தல் தகாது.

நாசரேத்துப் பட்டறையில் புனித சூசையப்பர் திருமகனோடு உழைத்தார். நம் இல்லத்திலும் தந்தையும் பிள்ளையும் ஒரு சனிக்கிழமை மாலை கையில் கிரீசுடன் சேர்ந்து அமரட்டும். திங்களன்று கடனில்லா வண்டியொன்று வாயிலைக் கடக்கும்.