சார்லி பிரவுனின் சட்டைக்கோடு

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் விராலிமலைப் பக்கம் அடிக்கல் நாட்டினார்கள். அது எந்த மட்டில் இருக்கிறது என்று புதுக்கோட்டை டீக்கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள். “அது கன்னித்தீவுண்ணே” என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ என்ற சிந்துபாத் படக்கதை, தினம் இரண்டு மூன்று கட்டமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள்கூட அதைப் படிக்காதவருக்கும் அது முடியாத கதை என்பது தெரியும்.

பழைய படத்தொடரைப் பேச்சில் இப்படி இழுத்துவிடலாம். கார்ட்டூனில் இழுக்க என்ன செய்வது? இணையத்துக்கென்றே தயாராகும் கார்ட்டூன் தொடர்கள் இந்த வேலையில் கில்லாடிகள். அமெரிக்காவின் சாப்மன் சகோதரர்கள் 2000இல் இணையத்தில் ஏற்றிய ‘ஹோம்ஸ்டார் ரன்னர்’ பழைய வீடியோ கேம், டிவி நிகழ்ச்சி என்று எதையும் போகிற போக்கில் சீண்டிவிட்டுப் போகும்.

இப்படிச் சீண்டுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு படத்தொடர் உண்டு: சார்லஸ் ஷுல்ஸின் ‘பீநட்ஸ்’. 1950 அக்டோபர் 2 முதல் 2000 பிப்ரவரி வரை, உதவிக்கு ஆள் வைக்காமல் அவரே வரைந்தவை 17,897. நாயகன் சார்லி பிரவுனுக்கு உருண்டைத் தலை, நெற்றியில் ஒரு சுருள், சட்டையில் குறுக்கே ஓடும் கறுப்பு நெளிகோடு. அந்தக் கோட்டை மட்டும் ஒரு பூனைக்கு மாட்டிவிட்டாலும் பார்ப்பவர் சிரித்துவிடுவார். தொடரில் லூசி என்ற சிறுமி பந்தைப் பிடித்துக்கொண்டிருப்பாள். சார்லி பிரவுன் ஓடிவந்து உதைக்கும்போது வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். அவன் மல்லாக்க விழுவான். வருஷக்கணக்காக இதே கதைதான். அவன் திருந்தவில்லை, வாசகரும் சலிக்கவில்லை.

இணையக் கார்ட்டூனில் இந்தக் கோட்டை மாட்டுவது ஏன் அவ்வளவு சுலபம்? அங்கேதான் ஃப்ளாஷ் மென்பொருளின் சூட்சுமம் இருக்கிறது. அது படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிப்பதில்லை. இந்தக் கோடு இங்கே தொடங்கி இப்படி வளைந்து அங்கே முடிகிறது என்று கணக்காக எழுதிவைக்கிறது. தலை, கை, கண்ணிமை, சட்டை எல்லாம் பொம்மலாட்டப் பொம்மைபோலத் தனித்தனி உறுப்புகள். கை கீழே இருக்கும் நிலையையும் மேலே போன நிலையையும் ஓவியர் வைத்துவிட்டால், இடைப்பட்ட அசைவை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். கோப்பு சிறுத்துவிடுவதால் டெலிபோன் லைனில் முக்கி முனகி வந்த அன்றைய இணையத்திலும் படம் ஓடியது. ஒரு பாத்திரத்துக்குச் சார்லி பிரவுன் வேஷம் போட ஒரே ஓர் உறுப்பை மாற்றினால் போதும், முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டாம். செலவே இல்லாத நகைச்சுவை. 2020 டிசம்பரோடு ஃப்ளாஷ் படங்களை ஓட்டும் பிளேயரை அடோபி நிறுவனம் கைவிட்டுவிட்டது. ‘ரஃபிள்’ என்ற மென்பொருளின் தயவில் பழைய கார்ட்டூன்கள் இன்னும் ஓடுகின்றன.

கன்னித்தீவை இப்படி ஒரு கோட்டில் பிடிக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிந்துபாத் அச்சு அசலான மனித உருவம். தசை, மடிப்பு, நிழல் எல்லாம் உண்டு. வரைந்த கைகளும் காலப்போக்கில் மாறின. அதனால் அதற்கு அடையாளம் தருவது நடைதான். கதாநாயகன் மலையுச்சியிலிருந்து விழத் தொடங்குகிறான், அங்கேயே கட்டம் முடிகிறது. நாளைக்கும் அவன் விழுந்துகொண்டே இருப்பான். கார்ட்டூன்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த நிறுத்தத்தை. இல்லையென்றால் அந்தக் கதையில் மந்திரவாதி மூசா சிறு பொம்மையளவுக்குச் சுருக்கிவிட்ட லைலா என்ற பெண்ணை இன்னொரு பாத்திரத்தின் சட்டைப்பையில் உட்கார வைத்துவிடலாம்.

செய்துபார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குப் ‘பென்சில்2டி’, ‘சின்ஃபிக்’ இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இதழ்ப் படங்களை நேரில் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. தமிழின் பழைய இதழ்களைச் சேர்த்துவைத்த இடம் அது. ஒரு தொழில் ரகசியம்: விநாடிக்கு 12 படம் ஓடும் கார்ட்டூனில் சட்டைக்கோட்டை ஒரே ஒரு படத்துக்குக் காட்டினால் பலர் கவனிக்காமலே விட்டுவிடலாம். ஏழெட்டுப் படமாவது அது நிற்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் நிறுத்தினால், தெரியாதவரும் “அது என்ன கோடு?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.