லினக்ஸும் மென்பொருட் களஞ்சியமும்

புதிய ஊரொன்றில் குடியேறியவர் முதல் நாளன்றே விசாரிப்பது, அரிசியும் பருப்பும் எங்கே கிடைக்கும் என்பதைத்தான். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது பழகிய அனுபவம். விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வருபவர் நிலையும் இத்தகையதே. விண்டோஸ் 10-க்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியை வைத்திருப்போருக்கு லினக்ஸ் ஒரு நல்ல புகலிடம். ஆனால் அங்கே வேண்டிய மென்பொருளைப் பெறும் வழி வேறு.

விண்டோஸில் நாம் பழகிய முறை யாது? இணையத்தில் தேடி, அமைவுக் கோப்பை இறக்கி, அதனைச் சொடுக்கி நிறுவுகிறோம். தேடிச் சென்ற தளம் போலியாக இருப்பின், மென்பொருளோடு தீநிரலும் உட்புகும். கடைக் கணக்கும், வங்கிக் கடவுச்சொல்லும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதே கணினியில் இருக்கின்றன என்பதை நினைத்தால், இதன் அபாயம் விளங்கும்.

லினக்ஸின் கருவை 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அக்கருவோடு பிற மென்பொருள்களையும் சேர்த்து, 1993-இல் தோன்றிய டெபியன், 2004-இல் தோன்றிய உபுண்டு போன்ற வெளியீடுகள் அமைந்தன. இவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு களஞ்சியத்தைப் பேணுகின்றன. அதில் மென்பொருள்கள் பொதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. களஞ்சியத்தின் பட்டியல் மின்னணுக் கையொப்பம் பெற்றது. வழியில் எவரேனும் பொதியை மாற்றியிருந்தால் கணினி அதனைக் கண்டுகொள்ளும். ஒரு மென்பொருள் இயங்கத் துணைப்பொதிகள் தேவைப்படின், அவற்றையும் பொதி மேலாளரே கொணர்ந்து சேர்க்கும்.

நிறுவும் முறையும் எளிது. 'மென்பொருள் மையம்' போன்ற செயலியைத் திறந்து, பெயரைத் தேடி, நிறுவும் பொத்தானை அழுத்தினால் போதும். கட்டளை வழியை விரும்புவோர் உபுண்டுவில் முனையத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டிப் பட்டியலைப் புதுப்பிக்கலாம். பின்னர் 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்பதோடு பொதியின் பெயரைச் சேர்த்தால் அது நிறுவப்படும். கடவுச்சொல்லைத் தட்டும்போது பல வெளியீடுகளில் திரையில் ஒன்றும் தோன்றாது. விசைப்பலகை பழுதாயிற்றோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துக.

நமக்கு உடனே பயன்படும் ஓர் எடுத்துக்காட்டு: 'ஐபஸ்-எம்17என்' என்னும் பொதியை நிறுவி, கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறித் திரும்பி வந்து, அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், தமிழ்99 முறையில் எழுதலாம். ஊரிலுள்ள தாய்க்குத் தமிழிலேயே மடல் எழுத இது போதும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. 'சுடோ' என்ற சொல் கணினியின் முழு அதிகாரத்தையும் அக்கட்டளைக்கு அளிப்பது. முன்பின் அறியாதார் எழுதிய கட்டளையை, பொருள் அறியாமல் அச்சொல்லுடன் இயக்கினால், விண்டோஸில் நேரும் அதே கேடு இங்கும் நேரும். களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளை, அதை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறுதல் நலம்.

தொழிலுக்கு வேண்டிய மென்பொருள் விண்டோஸுக்கே உரியதாயின், 'வைன்' என்னும் இடைநிரலின் துணையால் சில இயங்கும், சில இயங்கா. ஆதலின் பழைய கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைத்து, உபுண்டுவை முதலில் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, அதன்பின் முடிவு செய்க. இடம் மாறிய பின்னரும் பழைய பழக்கம் ஒன்றை மட்டும் விட்டுவிடுதல் வேண்டும்: மென்பொருளைத் தேடி இணையமெங்கும் அலைவதற்கு முன், களஞ்சியத்தைக் கேளுங்கள்.