கால் விபத்தில் ‘ஃப்ரீ ஃப்ளாப்’ சர்ஜரி: ரத்தம் உள்ளே போனால் மட்டும் போதாது, வெளியே வரணும்... ஏன்?

காலை 9 மணிக்கு கத்திப்பாரா மேம்பாலத்தில் இருந்து கிண்டி பக்கம் இறங்கும் பைக்குகளைப் பாருங்கள். தலைக்கு ஹெல்மெட் இருக்கு. முழங்காலுக்குக் கீழே? ஒரு பேன்ட் துணி மட்டும்தான். பஸ்ஸோ லாரியோ உரசினால் முதலில் மாட்டுவது கால்தான்.

உடைந்த எலும்பை ராடு, பிளேட் வைத்துச் சேர்த்துவிடலாம். தோலும் சதையும் பிய்ந்து எலும்பு வெளியே தெரிந்தால்தான் சிக்கல். மூடாமல் விட்டால் எலும்பு காய்ந்து, சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஃப்ரீ ஃப்ளாப் என்றால் என்ன?

தொடை, முதுகு போன்ற இடத்தில் இருந்து தோலையோ தசையையோ அதன் ரத்தக்குழாய்களோடு வெட்டி எடுத்து, காயத்தின் மேல் வைப்பதுதான் ஃப்ரீ ஃப்ளாப். பிறகு மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியை விட மெல்லிய நூலால் தமனியைத் தமனியோடும் சிரையைச் சிரையோடும் தைப்பார்கள். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயன் டெய்லர், ரோலின் டேனியல் இருவரும் செய்த ஆரம்பகால ஃப்ரீ ஃப்ளாப், காலில் அடிபட்ட ஓர் இளைஞருக்குத்தான்.

சாதாரணமாகத் தோலை மட்டும் சீவி ஒட்டினால் ஆகாதா? வெறும் எலும்பின் மேல் அது பிடிக்காது. கணுக்காலை ஒட்டிய பகுதியில், பக்கத்தில் இருந்து இழுத்து மூடவும் போதிய தசை கிடையாது.

சிரை ஏன் இவ்வளவு முக்கியம்?

சென்னைவாசிக்கு இதைப் புரியவைப்பது ஈஸி. மழை பெய்வது பிரச்சினை இல்லை, வடியலைன்னாதான் பிரச்சினை. தமனி ரத்தத்தைக் கொண்டுவருகிறது, சிரைதான் வடிகால். அது அடைத்தால் ரத்தம் தேங்கி, ஃப்ளாப் வீங்கி, கடைசியில் புது ரத்தமும் உள்ளே வர முடியாமல் போகும். சிரையில் அழுத்தம் குறைவு, சுவரும் மெல்லியது. அதனால் ஃப்ளாப்பில் ரத்தம் உறைவது தமனியை விட சிரையில்தான் அதிகம். காலில் புவியீர்ப்பும் எதிராக வேலை செய்கிறது.

எந்தச் சிரையில் இணைப்பார்கள்?

தமனியை ஒட்டியே ஜோடியாக ஓடும் ஆழ்சிரைகள் ஒரு வழி. தமனியைத் தைக்கும் இடத்திலேயே கிடைக்கும். ஆனால் மெல்லியவை, விபத்தில் நசுங்கியிருக்கலாம். தோலுக்கு அடியில் ஓடும் சிரைகள் இன்னொரு வழி. அவற்றின் சுவர் தடிப்பு, ஆனால் சுருங்கிக்கொள்ளும் குணம் உண்டு. எதுவானாலும் அடிபட்ட பகுதியைத் தாண்டி, நல்ல சிரையைத் தேடிப் பிடிப்பதே முக்கியம். ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் சர்ஜன்களிடையே இன்னும் விவாதம் ஓடுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு எதைக் கவனிப்பார்கள்?

முதல் 2, 3 நாட்கள்தான் கண்டம். நர்ஸ் அடிக்கடி வந்து ஃப்ளாப்பைத் தொட்டுப் பார்ப்பது சும்மா இல்லை.

• நீலமாக மாறி வீங்கினால், ஊசியால் குத்தும்போது கறுத்த ரத்தம் வந்தால்: சிரை அடைப்பு
• வெளிறி, ஜில்லென்று ஆனால்: தமனி அடைப்பு

சந்தேகம் வந்தால் உடனே மீண்டும் தியேட்டர். சீக்கிரம் போனால் ஃப்ளாப்பை மீட்க வாய்ப்பு அதிகம். அதுவரை கால் உயரத்தில் இருக்கணும். ‘கொஞ்ச நேரம் தொங்கப் போட்டுக்கட்டுமா?’ என்று நீங்களாக முடிவெடுக்காதீங்க. டாக்டர் சொன்ன பிறகு, முதலில் சில நிமிடங்கள், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். சிகரெட்டுக்குக் கண்டிப்பா நோ. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

காலை வைப்பதா, எடுப்பதா?

இதற்கு உலகம் பயன்படுத்தும் ஒரு அளவுகோல் நம்ம ஊரில் பிறந்தது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தோடு நோயாளியின் மற்ற உடல் பிரச்சினைகளுக்கும் மதிப்பெண் உண்டு. 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டி வரும். 15, 16 என்றால் நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவு.

நீங்கள் செய்ய வேண்டியது?

நேரம் ரொம்ப முக்கியம். ஸ்லோவேனியா சர்ஜன் மார்கோ கோடினாவின் 532 நோயாளிகள் பற்றிய 1986 ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃப்ளாப் தோல்வி 0.75% மட்டுமே. அதைத் தாண்டி 3 மாதங்களுக்குள் செய்தபோது 12%.

எனவே 108-க்கு அழைத்து, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திக் கட்டுங்கள். எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கும் மருத்துவமனைக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், தமிழகச் சாலைகளில் அடிபடும் எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும்.