செயற்கைக்கோள் வழி சுங்கக் கட்டணம்: விதி வந்தது, நடைமுறை தள்ளிப்போனது ஏன்?

புதுதில்லி: தேசிய நெடுஞ்சாலைகளில் ஓடிய தூரத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்த வகைசெய்யும் விதித் திருத்தத்தை மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் 2024 செப்டம்பரில் அறிவிக்கை செய்தது. ஆனால், 2025 மே 1 முதல் நாடு முழுவதும் செயற்கைக்கோள் வழி வசூல் தொடங்கும் என்று செய்தி பரவியபோது, அவ்வாறு எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்று ஏப்ரல் 18 அன்று அதே அமைச்சகம் விளக்கம் அளித்தது.

இப்போதுள்ள முறையின் குறை பயணிகள் அறிந்ததே. பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் சுங்கச்சாவடியைக் கடந்து பத்து கிலோமீட்டரில் திரும்பிவிடுபவரும் அந்தச் சாவடிக்குரிய முழுத் தொகையைச் செலுத்துகிறார். இரு சாவடிகளுக்கு இடையில் நாற்பது கிலோமீட்டர் ஓடி, எந்தச் சாவடியையும் தொடாமல் வெளியேறுபவர் ஒரு ரூபாயும் செலுத்துவதில்லை. 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் வரிசையைக் குறைத்தது; இந்த ஏற்றத்தாழ்வை அது தொடவில்லை.

புதிய முறையில் வாகனத்தில் பொருத்தப்படும் கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு தன் இருப்பிடத்தைக் கணிக்கும். நெடுஞ்சாலையின் எல்லைகள் மின்னணு வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். வாகனம் அந்த எல்லைக்குள் நுழைந்த இடத்துக்கும் வெளியேறிய இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்கான கட்டணம் கணக்கிலிருந்து கழிக்கப்படும்.

சோதனைக்குத் தேர்வான சாலைகளில் ஒன்று கர்நாடகத்தின் பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலை. மற்றொன்று ஹரியாணாவின் பானிபட்-ஹிசார் சாலை. முன்னதைப் பார்த்தாலே சிக்கல் புரியும். ஆறு வழிப் பிரதான சாலைக்கு இருபுறமும் கட்டணமில்லாத சேவைச் சாலைகள் ஒட்டியே செல்கின்றன. திறந்த வெளியிலும் செயற்கைக்கோள் கணிப்பு சில மீட்டர் பிழைபடக்கூடும். மேம்பாலத்தின் கீழும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் பிழை கூடும். சுரங்கப்பாதையில் சமிக்ஞையே கிடைக்காது. அந்தச் சில மீட்டர்தான் சேவைச் சாலையில் சென்ற உள்ளூர்க்காரரிடம் பணம் பிடிப்பதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்தச் செயற்கைக்கோளை நம்புவது என்பது அடுத்த கேள்வி. இந்தியாவின் சொந்த அமைப்பான நாவிக், அணுக் கடிகாரக் கோளாறுகளால் தொடக்கம் முதலே தடுமாறி வந்துள்ளது. அதை வலுப்படுத்த 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்-02 செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. கோடிக்கணக்கான ரூபாய் அன்றாட வசூலை அயல்நாட்டு சமிக்ஞைகளை மட்டும் நம்பி நடத்துவதில் தயக்கம் எழுவது இயல்பே.

தனியுரிமை இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது. ஃபாஸ்டேக்குக்குத் தெரிவது, வாகனம் எந்தச் சாவடியை எப்போது கடந்தது என்பது மட்டுமே. செயற்கைக்கோள் கருவியோ பயணத் தடம் முழுவதையும் அறியும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்ப்பளித்துள்ளது. கட்டணத்தைக் கருவிக்குள்ளேயே கணக்கிட்டு, தொகை விவரத்தை மட்டும் வெளியே அனுப்பும் வடிவமைப்பு சாத்தியம்தான். அத்தகைய தெரிவை விதியிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஜெர்மனி 2005 ஜனவரி முதல் கனரக லாரிகளிடம் இம்முறையில் வசூலித்து வருகிறது. 2003-ல் தொடங்க வேண்டிய திட்டம் தொழில்நுட்பக் கோளாறுகளால் தாமதமானது. லாரிகளோடு தொடங்கியதால் கருவி பொருத்த வேண்டிய வாகனங்களின் எண்ணிக்கை வரம்புக்குள் இருந்தது. அங்கும் கருவி இல்லாமல் ஏய்ப்பவர்களைப் பிடிக்கச் சாலைகளின் குறுக்கே கேமரா வளைவுகள் நிற்கின்றன. வானில் செயற்கைக்கோள் இருந்தாலும் தரையில் கம்பம் தேவைப்படுகிறது.

இந்தியா தற்போது கம்பத்திலிருந்தே தொடங்குகிறது. நிற்காமல் செல்லும் வாகனத்தின் எண் பலகையைக் கேமராவும் ஃபாஸ்டேக்கை மின்னணு வாசிப்பானும் படிக்கும் தடையற்ற வசூல் முறைக்கு, குஜராத்தின் சோர்யாசி சாவடிக்காக 2025 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வணிகப் பயன்பாடற்ற கார்களுக்கு 3,000 ரூபாயில் ஓராண்டு அல்லது 200 பயணங்கள் என்ற பாஸ் அதே மாதம் 15-ஆம் தேதி அறிமுகமானது. இவற்றால் காத்திருப்பும் அடிக்கடி செல்வோரின் செலவும் குறையும். கட்டணம் ஓடிய தூரத்தைப் பொறுத்ததாக மாறாது.

2024 திருத்தத்தில் பெரிதும் பேசப்பட்டது, நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் முதல் 20 கிலோமீட்டருக்குக் கட்டணமில்லை என்ற சலுகை. அது எல்லோருக்குமானது என்று பலர் எண்ணினர். தேசிய அனுமதி பெற்ற வாகனங்களுக்கு அச்சலுகை இல்லை. மற்ற வாகனங்களிலும் செயற்கைக்கோள் கருவி பொருத்தியவற்றுக்கே அது உண்டு. ஃபாஸ்டேக் மட்டும் ஒட்டிய காருக்குப் பொருந்தாது.