வெயிலில் வடியும் குடிநீர்: நானோ திரவம் எவ்வளவு உதவும்?
சந்தேகங்களும் விளக்கங்களும்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தை ஒட்டியுள்ள பழவேற்காடு, சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் கோடையில் இந்த ஏரி நீரின் உப்பு கடல்நீரையும் மிஞ்சுவதுண்டு. இத்தகைய நீரை வெயிலைக் கொண்டே குடிநீராக்கும் முறைக்கு 'நானோ திரவம்' கைகொடுக்கும் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

நானோ திரவம் என்பது உப்பை நீக்கும் ரசாயனமா?

இல்லை. தண்ணீர் போன்ற சாதாரணத் திரவத்தில், 100 நானோமீட்டருக்கும் குறைவான அளவுள்ள துகள்களை மிதக்கவிட்ட கலவை இது; ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அலுமினியம் ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு, கார்பன் போன்றவை துகள்களாகப் பயன்படுகின்றன. வெயிலின் வெப்பத்தை வாங்கி நீருக்கு விரைவாகச் சேர்ப்பது மட்டுமே இவற்றின் வேலை.

அப்படியானால் உப்பு எப்படிப் பிரிகிறது?

கறுப்புப் பூசிய, ஆழம் குறைந்த தொட்டியில் உப்புநீரை ஊற்றிச் சாய்வான கண்ணாடியால் மூடுகின்றனர். ஆவியாகும் நீர் கண்ணாடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, வழிந்து, ஓரத்துக் குழாயில் சேரும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். முறை பழையது: சிலி நாட்டின் லாஸ் சலினாஸில் 1872-லும், குஜராத்தின் பாவ்நகர் அருகே அவானியா கிராமத்தில் 1978-லும் இப்படி ஊருக்கே நீர் வடித்துள்ளனர்.

நானோ திரவத்தால் எவ்வளவு கூடுதல் நீர் கிடைக்கும்?

கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, அலுமினியம் ஆக்சைடு கலந்தபோது சுமார் 30 சதவீதமும், டின் ஆக்சைடு கலந்தபோது 18.6 சதவீதமும், துத்தநாக ஆக்சைடு கலந்தபோது 12.7 சதவீதமும் கூடுதல் நீர் கிடைத்தது. துகளின் வகை, அளவு, தொட்டியின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். பல மடங்கு என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தொட்டி தேவை?

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 32 லிட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் தொட்டி 3 லிட்டர் தந்தால் சுமார் 11 சதுர மீட்டர் இடம் தேவை. விளைச்சல் 30 சதவீதம் கூடினால் 8 சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடம் போதும். நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 5 யூனிட் ஆற்றல் விழுந்து, அதில் சிறிதும் வீணாகாவிட்டாலும் ஏறத்தாழ 7.5 லிட்டர்தான் ஆவியாகும். எந்தத் துகளைக் கலந்தாலும் இந்த வரம்பு மாறாது. ஆவி குளிரும்போது வெளிவிடும் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தும் அமைப்பு இருந்தால்தான் அதைத் தாண்ட முடியும்.

ஏரி நீரிலேயே துகளைக் கொட்டிக் கலக்கலாமா?

சிக்கல் இங்கேதான். ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தால்தான் பல வகைத் துகள்கள் மிதக்கின்றன. உப்பு அந்த விலக்கத்தைத் தணித்துவிடுவதால் அவை கட்டியாகிப் படிந்துவிடும். ஆரணி ஆறு கொண்டுவரும் நுண்வண்டல் உப்புநீரைத் தொட்டதும் திரண்டு அடியில் தங்குவதைப் போன்றதே இதுவும். ஆகவே, ஆய்வகத்தில் நன்னீரில் கிடைத்த முடிவு ஏரி நீரிலும் அப்படியே கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

துகள் குடிநீரில் கலந்துவிடாதா?

துகள்கள் ஆவியாவதில்லை, தொட்டி நீர் தெறித்தாலோ கசிந்தாலோ மட்டுமே வடிநீரில் சேரும். நானோ திரவத்தை மூடிய குழாய்க்குள் சுற்றவிட்டு, குழாய்ச் சுவர் வழியாக வெப்பத்தை மட்டும் உப்புநீருக்குக் கொடுக்கும் இன்னொரு அமைப்பும் உண்டு. அதில் துகளும் நீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை; செலவும் பராமரிப்பும் கூடும் என்றாலும் குடிநீருக்கு இதுவே பொருத்தம். இந்திய தரநிலைப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது; மாற்று நீர் இல்லாத இடங்களில் 0.2 மில்லிகிராம் வரை அனுமதி.

மிச்ச உப்புநீரை ஏரியில் விடலாமா?

கடல்நீர் 10 லிட்டரில் 3 லிட்டர் வடிந்தால், மீதமுள்ள 7 லிட்டரில் உப்பு லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 50 கிராமாக உயரும். துகள் நேரடியாகக் கலந்த நீர் என்றால் அதுவும் சேர்ந்தே வெளியேறும். இறாலும் மீனும் வாழ்வாதாரமாக உள்ள ஏரியில் அதை விடுவது தகாது; தனிப் பாத்தியில் காயவைத்துத் துகளைச் சேகரிக்க வேண்டும்.

காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இதே முறைதானா?

அல்ல. 2010-ல் செயல்படத் தொடங்கிய அந்த ஆலை, கடல்நீரை மின்சாரத்தால் உண்டாக்கும் அழுத்தத்தில் சவ்வு வழியே செலுத்தி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. பழவேற்காட்டுக்குத் தெற்கே இருந்தாலும் அது சென்னைக்கான ஆலை. ராமநாதபுரம் மாவட்டம் நரிப்பையூரில் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த, நாளொன்றுக்கு 20,000 லிட்டர் திறனுள்ள ஆலை சூரிய வெப்பத்தில் இயங்குவது, ஆனால் அதுவும் சவ்வு முறையே.

சூரிய மேற்கூரை மானியம் இதற்குக் கிடைக்குமா?

கிடைக்காது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 என்ற மானியம், வீட்டு மேற்கூரையில் மின்சாரம் தயாரிப்பதற்கு மட்டுமே.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமூட்ட நாட்களில் வடிநீர் வெகுவாகக் குறையும். அதே சாய்வுக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு வாய்க்கால் பொருத்தினால் மழைநீரைப் பிடிக்கலாம்: 10 சதுர மீட்டர் பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் வரை சேரும்.