படிப்பும் பட்டமும் – 14: சத்திரப்பட்டியில் எழுத வேண்டிய ஆய்வேடு

பிளஸ் டூ முடித்த ராஜபாளையத்து மாணவிக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவனுக்கோ சர்வதேச உறவுகளில் இளங்கலை படிக்கும் ஆசை வந்தால், பக்கத்துக் கல்லூரிகளில் அந்தப் பெயரில் பட்டம் கிடைப்பது அரிது. அரசியல் அறிவியலிலோ வரலாற்றிலோ சேர்ந்து, அதற்குள் வரும் ஓரிரு தாள்களோடு மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஹரியானாவின் சோனிபட்டில் இருக்கும் ஜிண்டால் போன்ற தனியார் பல்கலைக்கழகத்துக்குப் பல லட்சம் கட்டிப் போக வேண்டும். 1955-ல் தனி நிறுவனமாகப் பிறந்து 1970-ல் ஜே.என்.யு.வோடு இணைந்த தில்லியின் புகழ்பெற்ற பன்னாட்டு ஆய்வுப் பள்ளியோ முதுகலைக்கும் ஆய்வுக்கும் பெயர் பெற்றது. அதனால்தான் தென் மாவட்டங்களிலும் இந்தப் பட்டத்தைத் தொடங்க வேண்டும் என்ற குரல் கேட்கிறது. நியாயமான குரல்தான். ஆனால் பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அதை முடிக்க என்னென்ன நிபந்தனைகள் என்று பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. நம் கலைக் கல்லூரிகளின் மூன்றாண்டு பி.ஏ.வுக்குள் அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. இரண்டு இடங்கள் மட்டும் பெயரளவுக்கு நிரப்பப்பட்டுக் கிடக்கின்றன. அந்த இரண்டையும் சரிசெய்யாமல் புதுப் பட்டம் தொடங்கினால் பெயர்ப்பலகைக்கு ஆகும் பெயின்ட் செலவுதான் மிச்சம்.

முதலில் நம் கணக்கு. தமிழ்நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். பார்ட் ஒன் என்பது தமிழ் அல்லது வேறொரு மொழி. பார்ட் டூ ஆங்கிலம். இவை இரண்டும் பொதுவாக நான்கு செமஸ்டர்கள் ஓடும். பார்ட் த்ரீயில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் அடங்கும். பார்ட் ஃபோரில் திறன் பாடங்கள், பிற துறை விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி ஆகியவை வரும். பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி. முதன்மைத் தாள் அத்தனையிலும் முதல் வகுப்பு வாங்கியவருக்கும் சுற்றுச்சூழல் கல்வியில் ஒரு அரியர் இருந்தால் பட்டம் வராது என்பது கடைசி செமஸ்டரில்தான் பலருக்கு உறைக்கும். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுக்கு 120, நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 என்கிறது. தமிழ்நாடு மூன்றாண்டையே வைத்துக்கொண்டது. மூன்றா நான்கா என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. அந்த 140-க்குள் என்ன இருக்கிறது என்பதே என் கவலை.

இனி வெளியே. வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பள்ளி 1919-ல் தொடங்கியது. சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் துறை வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முதல் உலகப் போரின் பிணக்குவியலுக்கு முன் நின்று, இனி நாடுகளைப் படிக்காமல் முடியாது என்று முடிவெடுத்த ஆண்டு அது. ஜார்ஜ்டவுனில் பட்டம் வாங்க பொருளாதாரம், வரலாறு, அரசியல் என்று தாள்கள் உண்டு. அவை நம்மிடமும் உண்டு. அங்கே உலக வரைபடத்துக்கென்றே ஒரு கிரெடிட் பாடம் இருப்பது பிரசித்தம். எந்த எல்லைக்கோடு யாரால், எப்போது, ஏன் போடப்பட்டது என்று சொல்லத் தெரியாதவர் அந்தப் பள்ளியிலிருந்து வெளியேறக் கூடாது என்பது அதன் எண்ணம். அதற்கும் மேலாக, ஒரு அயல்மொழியில் தேர்ச்சியை நிரூபிக்காமல் பட்டம் கிடையாது. இத்துறையில் பெயர் பெற்ற வேறு பள்ளிகளில் கடைசி ஆண்டில் ஒரு சிக்கலை மாணவரே எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். கோட்பாட்டுத் தாளை மனப்பாடம் செய்து யாரும் எழுதிவிடலாம். மொழியும் ஆய்வேடும் அப்படி வராது. அவைதான் இந்தப் பட்டத்தை வடிகட்டும் சல்லடை. நம் பி.ஏ.வில் ஓட்டையாக இருப்பவையும் இவை இரண்டுதான்.

ஆய்வேட்டுக்கு இடம் இல்லாமல் இல்லை. பல பாடத்திட்டங்களில் ப்ராஜெக்டும் வைவாவும் இருக்கின்றன. பழைய ப்ராஜெக்டின் அட்டையை மாற்றி பைண்டிங் கடையில் முடிந்துவிடும் வேலையாக அது ஆகிவிட்டது என்பதே குறை. வெளியுறவைப் பற்றி எழுத ஜெனீவாவுக்குப் போக வேண்டும் என்ற மயக்கமும் இதற்கு ஒரு காரணம். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியும் காஸும் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போகின்றன. மருத்துவச் சாதனங்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஒழுங்குமுறை 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸில் எழுதிய அந்த விதி சத்திரப்பட்டித் தறிக்காரரின் கொள்முதல் விலையை எப்படித் தொடுகிறது? மூன்று மாதம் அலைந்து எழுதினால் இதுவே முதல்தரமான சர்வதேச உறவு ஆய்வு. பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் தொடங்கிய ஊர் இது. உயர் நம்பர் நூலுக்கு எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் நீண்ட இழைப் பருத்தி வேண்டும். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு 11 சதவீத வரி வந்தது; 2024 பிப்ரவரியில் மிக நீண்ட இழைக்கு மட்டும் விலக்கு; 2025 ஆகஸ்ட் 19-ல் எல்லாப் பருத்திக்கும் தற்காலிக விலக்கு. எட்டே நாளில், ஆகஸ்ட் 27 அன்று, இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டது. இந்தத் தேதிகள் ஏன் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன, ஆலைக்காரர் கேட்ட சலுகையை பருத்தி விவசாயி ஏன் எதிர்த்தார் என்று விளக்கத் தெரிந்த மாணவருக்கு உள்நாட்டு அரசியலும் வெளியுறவும் ஒட்டிப் பிறந்தவை என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீட்டின் வேரும் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களோ இன்னும் கனமான பாடம். 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களின் விளைவை முகாமுக்குள் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை சுமக்கிறது.

மொழியைப் பற்றிப் பேசினால் இரண்டு ஆட்சேபங்கள் வரும். அயல்மொழியை நுழைத்தால் தமிழ் போய்விடும் என்பது ஒன்று. சென்னையில் மதிப்பெண்ணுக்காக பார்ட் ஒன்னில் பிரெஞ்சு எடுக்கும் பழக்கத்தைப் பார்த்தால் அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. எனவே அந்த வழி வேண்டாம். தமிழ் பார்ட் ஒன்னிலேயே இருக்கட்டும். பார்ட் ஃபோரின் திறன் பாடங்களும் விருப்பப் பாடமும் சிதறிக் கிடக்கும் இடங்களைச் சேர்த்து ஒரே மொழிக்கு நான்கு செமஸ்டர் கொடுக்கலாம். ஆசிரியருக்கு எங்கே போவது என்பது இரண்டாவது ஆட்சேபம். இது கனமானது. ஸ்வயம் தளத்தின் பாடங்கள் வழியே ஒரு செமஸ்டரின் 40 சதவீதப் பாடங்கள் வரை எடுக்க யு.ஜி.சி.யின் 2021 விதி இடம் தருகிறது. ஜெர்மன், ஜப்பானிய மொழிப் பாடங்களை ஐ.ஐ.டி.க்கள் அதில் தந்திருக்கின்றன. இலக்கணத்துக்கு அது போதும், பேச்சுக்குப் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எந்த மொழி என்ற தேர்வில் கொஞ்சம் துணிந்தால் ஆள் கிடைப்பது எளிதாகும். அரபு மொழியை பார்ட் ஒன் பாடமாகவே நடத்தும் கல்லூரிகள் திருச்சியிலும் சென்னையிலும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர் தொகையை நினைத்தால் பிரெஞ்சுக்கு முன்னால் அரபு நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் சிங்களம். பாக் நீரிணைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தினமும் பேசும் நம்மில், கொழும்பின் சிங்கள நாளிதழைப் புரட்டிப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஐ.எஃப்.எஸ். எழுத ஏதாவது ஒரு டிகிரி போதுமே, எதற்கு இந்தப் பாடு என்பார்கள். போதும்தான். ஆனால் தேர்வாகிப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு அதிகாரிக்கும் வெளியுறவு அமைச்சகம் ஒரு அயல்மொழியைக் கட்டாயமாக ஒதுக்குகிறது. பட்டம் கேட்காததை வேலை கேட்கிறது என்றால் குறை பட்டத்தில்தான். தவிர, தேர்வு எழுதும் லட்சக்கணக்கானோரில் ஐ.எஃப்.எஸ்.ஸுக்குள் நுழைபவர்கள் சில பத்துப் பேர். மீதிப் பேரை மனதில் வைத்துத்தான் பட்டத்தை வடிவமைக்க வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்களின் ஆவணப் பிரிவு, துறைமுகக் கிளியரிங் அலுவலகங்கள், அகதிகளிடையே பணிபுரியும் தொண்டு அமைப்புகள், செய்தி மேசைகள் எல்லாம் ஒரு அயல்மொழியும் ஒரு ஒழுங்கான அறிக்கை எழுதும் கையும் உள்ளவரைத் தேடுகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது அதிகச் சுமை என்ற வாதத்தை மட்டும் ஏற்க மனம் வரவில்லை. சுமை குறைந்த பட்டத்தை அவருக்கும் சல்லடை உள்ள பட்டத்தை வசதியானவருக்கும் ஒதுக்கிவைப்பதை இரக்கம் என்று சொல்ல முடியாது.

இதைச் செய்ய அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் அதன் பாடத்திட்டத்துக்குள்தான் நடக்க வேண்டும். ஆனால் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளும் கிருஷ்ணன்கோவிலில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதலாம். தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கு யு.ஜி.சி. விதியே நாற்காலி போட்டிருக்கிறது. அரசியல் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் தொழில்துறை எதற்கு என்று அந்த நாற்காலியை ஒப்புக்கு நிரப்புவதுதான் வழக்கம். அதில் பேண்டேஜ் துணி ஏற்றுமதியாளர் ஒருவரை உட்கார வைத்து, ப்ராஜெக்டுக்கு அவர் என்ன தலைப்பு தருவார் என்று கேட்கலாம். ப்ராஜெக்டை யார் திருத்துவது, வைவாவில் யார் உட்காருவது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்பவை அடுத்த இதழில்.