பத்துக்குப் பத்து அறை பாடும் சுரம்

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பாட்டுப் பதிவில் ஆசை. மாடியில் பத்துக்குப் பத்து அறையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். மைக், கணினி, ஸ்பீக்கர் எல்லாம் வந்தாயிற்று. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்கிறானாம் பையன். எங்கள் ஊரில் முட்டை அட்டைக்கா பஞ்சம், நூற்றிருபது சேர்த்துவிட்டோம், ஒட்டலாமா என்று கேட்கிறார்.

ஒட்ட வேண்டாம்.

தெருச் சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒரு வேலை, உள்ளே எழும் ஒலியைப் பக்குவப்படுத்துவது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கனம் வேண்டும்: செங்கல் சுவர், தடித்த கதவு, கதவுக்கு அடியில் இடுக்கு இல்லாமை. முட்டை அட்டையில் என்ன கனம் இருக்கிறது? அதனால் அந்தக் கதையை விட்டுவிட்டு இரண்டாவதற்கு வருவோம்.

அறைக்குள் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்காகச் சொன்னவர் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் சொற்பொழிவு அறையில் ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி பிடித்தது. அதற்குள் பேராசிரியர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ஊரடங்கிய இரவுகளில் சுமந்துவந்து போட்டு, ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி பார்த்தால், சிமென்ட் பூச்சும் டைல்ஸ் தரையுமாக உங்கள் மாடியறை காலியாக இருக்கும்போது ஒலி இரண்டு விநாடிக்கு மேலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கட்டில் மெத்தை, கனத்த திரை, துணி நிறைந்த அலமாரி வந்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடங்காதது ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விசித்திரமும் அதுதான்.

நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. பத்தடி போய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்ப இருபது அடி. அப்படி விநாடிக்கு 57 நடை போய்வரும். விநாடிக்கு 57 முறை அதிரும் ஒரு சுரத்தை நீங்கள் வாசித்தால், திரும்பிவரும் ஒவ்வோர் அலையும் புறப்படும் அலைக்கு முதுகில் ஒரு தள்ளு கொடுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. பேஸ் கிடாரில் இரண்டாவது தடித்த தந்தி 55இல் அதிர்கிறது. அதைத் தொட்டால் போதும், அறை கூடச் சேர்ந்து பாடும். நீளம், அகலம் இரண்டும் பத்தடி, தளத்தின் உயரமும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே சுரம். பதிவுக்குக் கனசதுர அறையைப் போல மோசமான அறை கிடையாது.

இன்னும் கேளுங்கள். சுவரோரம் காற்று நகர முடியாது. அங்கே அழுத்தம் ஏறி இறங்கும். நடு அறையில் காற்று அங்குமிங்கும் ஆடும், அழுத்தம் மட்டும் மாறாது. நம் காதுக்கு எட்டுவது அழுத்தம்தான். ஆகவே மூலையில் பூதம்போல உறுமும் சுரம் நடுவில் காணாமல் போகும். நம்பாமல் என் எழுத்தறையில் பெரிய ஸ்பீக்கரை வைத்து அந்தச் சுரத்தை ஓடவிட்டேன். மூலையிலிருந்து நடுவுக்கு மூன்றே எட்டு, சத்தம் கரைந்துவிட்டது. பின்னால் போனேன், வந்தது. முன்னும் பின்னுமாக நடப்பதைப் பார்த்த மனைவி, “என்னத்தைத் தொலைச்சீங்க?” என்றார்.

இப்போது உங்கள் பையன் நடு அறையில் நாற்காலி போட்டு உட்காருகிறான் என்று வையுங்கள். பேஸ் கேட்கவில்லையே என்று ஏற்றுவான், இன்னும் ஏற்றுவான். அந்தப் பாட்டை மாமாவின் காரில் போட்டால் கதவு அதிரும்.

இதற்கு முட்டை அட்டை என்ன செய்யும்? நார்ப்பொருள் ஒலியைக் குடிப்பது, காற்று அதன் இழைகளில் உரசி ஓய்வதால். சுவரை ஒட்டிக் காற்றே அசையாதபோது எதை உரச? அந்த அலையின் நீளம் இருபது அடி. அட்டையின் ஆழம் இரண்டு அங்குலம். அது கொஞ்சம் மேல்சுரங்களை மட்டும் தின்றுவிட்டு உறுமலை அப்படியே விட்டுவிடும். கேட்பதற்கு வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல இருக்கும்.

வேண்டியது நான்கு அங்குலத் தடிப்புள்ள ராக்வூல் (பாறைநார்) பலகைகள். துணியில் சுற்றி, பின்னால் காற்றிடம் விட்டு, மூலைகளில் குறுக்காக நிறுத்துங்கள். வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். நாற்காலி நடுவில் வேண்டாம், முன்சுவரிலிருந்து நாலடியில் இருக்கட்டும். அங்கே பையனை உட்காரவைத்து, பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போங்கள். அதில் ஸ்பீக்கர் அவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இன்னொரு பலகை. இரும்பு பீரோ இருந்தால் வெளியேற்றுங்கள், அது தனிக் கச்சேரி செய்யும்.

மலிவான மெத்தை ஸ்பாஞ்சையும் ஒட்டிவிடாதீர்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற இரவு விடுதியில் மேடை மத்தாப்புப் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். காகித அட்டையும் நெருப்புக்கு நல்ல தீனிதான்.

வீட்டு ஸ்டுடியோவுக்காவது கேள்வி கேட்டு எழுத ஒருவர் இருக்கிறார். கல்யாண மண்டபங்களுக்கு யார் கேட்கிறார்கள்? கிரானைட்டுக்கும் சரவிளக்குக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். நாதசுவரம் ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கத்த வேண்டியிருக்கிறது. நாம் கத்துவதைப் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் இன்னும் ஏற்றுகிறார். பள்ளிக்கூடங்கள் இன்னும் மோசம். எதிரொலிக்கும் வகுப்பறையில் மெய்யெழுத்துகள் கரைந்து, கடைசி வரிசைப் பிள்ளைக்கு உயிரெழுத்துகள் மட்டும் போய்ச் சேருகின்றன. அப்புறம் ‘கவனிப்பதில்லை’ என்று பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்புகிறோம்.

நாமக்கல் நண்பரே, பலகை வாங்கும் முன் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். உயரம் ஒன்பதடி என்றால்கூட நிலைமை கொஞ்சம் தேவலை. முட்டை அட்டைகளைக் கோழிப்பண்ணைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.